அமெரிக்க நீலகிரியில்

"புழு அரித்த பலகையைச் சுவரில் அடித்து, அதற்கு மெருகும் பூசி வைத்திருக்கிறார்களே! நம் ஊர்த் தச்சன் இப்படிச் செய்திருந்தால் கூலியில் பாதியைப் பிடித்துக் கொண்டிருப்போம்" என்று நான் சொன்னேன்.

என் மகள் பதறிப் போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள். நல்ல வேளையாக, அந்த மண்டபத்தில் எங்களைத் தவிரத் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்தது அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்து ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் உள்ள 'பிக் மெடோஸ்' என்னும் விடுதியில். பூங்கா என்றதும் பாத்தியும் பூச்செடியும் நினைவுக்கு வர வேண்டாம். அது ஒரு பெரிய மலைக்காடு. அந்த மலைத்தொடருக்கு 'ப்ளூ ரிட்ஜ்' என்று பெயர். தமிழில் சொன்னால் நீலகிரிதான். எட்ட நின்று பார்த்தால் நம் நீலகிரியைப் போலவே ஒரு மலைக்குப் பின்னால் ஒரு மலையாக நீலம் வெளுத்துக் கொண்டே போகிறது. மலை முகட்டின் மேலேயே 105 மைல் நீளத்துக்கு ஒரு சாலை போட்டிருக்கிறார்கள். அதில் மணிக்கு 35 மைலுக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாதாம். இது மாப்பிள்ளைக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. எனக்கு வெகு சௌகரியமாக இருந்தது. அக்டோபர் மாதமாகையால், வழி நெடுக மரங்களெல்லாம் மஞ்சளும் குங்குமமும் பூசிக் கொண்டு நின்றன.

பலகையை நான் விரலால் தடவிப் பார்ப்பதைக் கண்டு, ரேஞ்சர் உடுப்பு அணிந்த ஒரு பெண்மணி அருகில் வந்தார். நான் சொன்னதை மகள் நாசூக்காக மாற்றி அவரிடம் சொன்னாள். அவர் சிரித்து விட்டு விஷயத்தை விளக்கினார்.

"அது செஸ்ட்நட் மரம். ஒரு காலத்தில் இந்த மலை முழுவதும் இருந்தது. நோய் வந்து, நின்ற நிலையிலேயே செத்துப் போயிற்று. செத்து நின்ற மரத்தைப் புழு துளைத்து விட்டது. இந்த விடுதியை 1939-ல் கட்டியபோது அந்தப் பலகையைத்தான் உள்ளே அடித்தார்கள். இப்போது இந்தப் பலகை வேண்டுமென்றால் எங்கேயாவது பழைய வீட்டையோ கொட்டகையையோ பிரித்தால்தான் உண்டு."

எனக்குச் சுருக்கென்றது. சாவு வீட்டுக்குப் போய்ச் சமையலைக் குறை சொன்னவள் போலாகி விட்டது என் நிலைமை.

செஸ்ட்நட் என்பது நாம் கதைகளில் மட்டும் படித்திருக்கும் ஒரு கொட்டை. ஊமத்தங்காயைக் காட்டிலும் பத்து மடங்கு முள் அடர்ந்த ஒரு காய்; அது பழுத்து வெடித்தால் உள்ளே பளபளவென்று மூன்று கொட்டைகள் இருக்கும். பாதாம், முந்திரியைப் போல இதில் எண்ணெய்ப் பசை இல்லை. மாவுச் சத்துதான் அதிகம். சுட்டுத் தின்றால் பலாக்கொட்டையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கலந்தாற் போன்ற ருசி. பலாக்கொட்டையைக் கீறாமல் தணலில் போட்டால் வெடித்துச் சாம்பலை வாரி இறைக்கிறதல்லவா? இதுவும் அப்படியே. கத்தியால் மேல் தோலில் கீறி விட்டுத்தான் சுட வேண்டும்.

இந்த மலையில் குடியிருந்த ஏழைக் குடும்பங்களுக்கு அந்த மரம் காமதேனுவாக இருந்திருக்கிறது. மற்ற மரங்கள் பூத்த பிறகு, ஜூன், ஜூலை மாதங்களில்தான் அது பூக்கும். ஆகையால் வசந்த காலத்து உறைபனி அதன் பூவைக் கருக்குவதில்லை. ஓக் மரம் ஒரு வருஷம் காய்க்கும், இரண்டு வருஷம் ஏமாற்றும். செஸ்ட்நட்டோ ஆண்டு தவறாமல் கொட்டித் தள்ளும். பன்றிகளைக் காட்டில் ஓட்டி விட்டால் தாமே தின்று கொழுத்து வரும். குழந்தைகள் கூடை கூடையாகப் பொறுக்கிக் கடையில் கொடுத்துச் செருப்பும் சட்டையும் வாங்கி வருவார்கள். அந்தக் கொட்டைகள் ரயிலேறிப் போய், கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் தெரு முனைகளில் சூடாக விற்கும். மரம் நூறடி உயரம் வளரும். அதன் கட்டை எளிதில் உளுக்காது. வேலிக்கும் வீட்டுக்கும் தொட்டிலுக்கும் சவப்பெட்டிக்கும் அதுவே. பட்டையும் கட்டையும் தோல் பதனிடப் போயின. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இப்படி 300 முதல் 400 கோடி மரங்கள் இருந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அத்தனையும் ஐம்பது வருஷத்துக்குள் போய் விட்டன!

1904-ஆம் ஆண்டு, நியூயார்க் நகரத்து ப்ராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையில் மரங்களைக் கவனித்து வந்த ஹெர்மன் மெர்க்கல் என்பவர், சில செஸ்ட்நட் மரங்கள் காரணமில்லாமல் பட்டுப் போவதைப் பார்த்தார். பக்கத்துத் தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த வில்லியம் மர்ரில் ஆராய்ந்து, அது ஒரு பூஞ்சணத்தின் வேலை என்று கண்டுபிடித்தார். பட்டையில் சிறு காயம் இருந்தால் போதும். அதன் வழியே நுழைந்து, பட்டைக்கு உட்புறத்தில் உயிரோட்டமுள்ள பகுதியைத் தின்றபடி மரத்தைச் சுற்றிக் கொள்ளும். கழுத்தில் கயிறு இறுகுவது போலத்தான். சுற்று முடிந்ததும் அதற்கு மேலே உள்ள பகுதி கருகி விடும். இதைக் கருகல் நோய் என்று சொல்லலாம். காற்றும் மழையும் பறவையும் பூச்சியும் அதன் வித்துக்களை மரத்துக்கு மரம் கொண்டு போயின.

இது எங்கிருந்து வந்தது? அழகுக்காகவும் பெரிய கொட்டைக்காகவும் ஆசியாவிலிருந்து இறக்குமதி செய்த செஸ்ட்நட் கன்றுகளோடு வந்தது. 1913-ல் ஃபிராங்க் மேயர் என்ற தாவர ஆராய்ச்சியாளர் சீனாவில் அதே பூஞ்சணத்தைக் கண்டார். அங்குள்ள மரங்கள் காலம் காலமாக அதனோடு பழகித் தாங்கிக் கொண்டிருந்தன. அடுத்த வீட்டுக் குழந்தைக்குச் சளியாக வந்தது நம் வீட்டுக் குழந்தைக்கு ஜன்னியானது போல ஆயிற்று.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் அமெரிக்காவில் வந்து இறங்கியபோது, என் பையில் ஆசையாக எடுத்து வந்த கறிவேப்பிலையை விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டு விட்டார்கள். அன்று முழுவதும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. அயல்நாட்டுச் செடி கொடிகளைச் சோதித்துத்தான் உள்ளே விட வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 1912-ல். அந்தச் சட்டம் வருவதற்கு இந்தச் செஸ்ட்நட் நோயும் ஒரு காரணம் என்று மலை மேல் கேட்டபோதுதான் என் கோபம் தணிந்தது. ஒரு பிடி இலையில் ஒரு காட்டையே அழிக்கும் சங்கதி இருக்கலாமே!

அன்று மாலை ரேஞ்சர் அம்மாள் எங்களை ஒற்றையடிப் பாதையில் சிறிது தூரம் அழைத்துப் போனார். "இதோ பாருங்கள், நீங்கள் துக்கம் விசாரித்த மரம்" என்று ஒரு புதரைக் காட்டினார்.

மாவிலை நீளத்தில், விளிம்பெல்லாம் ரம்பப் பல் வைத்த மஞ்சள் இலைகள். தண்டு முருங்கைக் கொம்பு பருமன் இருக்கும். இடுப்பு உயரத்தில் பட்டை வெடித்து, செந்தூரப் பொடியைத் தூவினாற் போல் புள்ளி புள்ளியாக இருந்தது. அதுதான் நோய். அடியில் குனிந்து பார்த்தேன். முன்பு வளர்ந்து செத்த குச்சிகள் நாலைந்து. அவற்றின் நடுவே புதிதாக இரண்டு தளிர்கள்.

பூஞ்சணம் வேருக்குள் போவதில்லையாம். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை வளர விடுவதில்லை. ஆகவே மேலே மரம் செத்தாலும் கீழே வேர் உயிரோடு இருக்கிறது. அது ஒரு தளிரை அனுப்பும். தளிர் கொம்பாகிப் பட்டை வெடிக்கும் வயதில் நோய் வந்து கொல்லும். வேர் மறுபடியும் ஒரு தளிரை அனுப்பும். நூறு வருஷமாக இப்படியே நடக்கிறது.

நாம் கல்யாணத்தில் 'வாழையடி வாழையாக' என்று வாழ்த்துகிறோம். இங்கேயும் கன்று வருகிறது. ஆனால் குலை தள்ளுமுன் சாய்ந்து விடுகிறது. பிள்ளை பிறந்து பிறந்து இறக்கும் வீட்டில் தாய் எப்படி இருப்பாளோ, அப்படி அந்த வேர் எனக்குத் தோன்றியது.

மரம் போன பிறகு மலை மக்களின் பிழைப்பும் தளர்ந்தது. அதற்கு மேல், பூங்கா அமைப்பதற்காக 500-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் மலையை விட்டு வெளியேற நேர்ந்தது. 1936-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இதே பிக் மெடோஸில் நின்று பூங்காவைத் திறந்து வைத்தார். இன்று காட்டுக்குள் நடந்தால் புகைபோக்கிக் கற்களும் இடிந்த சுவர்களும் தென்படுகின்றன. மரமும் இல்லை, மரத்தை நம்பியிருந்தவர்களும் இல்லை.

"யாரும் ஒன்றும் செய்யவில்லையா?" என்று கேட்டேன்.

செய்தார்கள்; அவசரமாகச் செய்தார்கள். பென்ஸில்வேனியா மாநிலம் 1911-ல் 2,75,000 டாலர் ஒதுக்கி ஒரு கமிஷன் வைத்தது. நோய் கண்ட மரங்களைத் தேடித் தேடி வெட்டினார்கள், மருந்து அடித்தார்கள். நோய் அவர்களைத் தாண்டிப் போய்க் கொண்டே இருந்தது. 1913-ல் கமிஷன் கலைந்தது. 'எப்படியும் சாகப் போகிறது, இப்போதே விற்றால் காசாவது மிஞ்சும்' என்று பல இடங்களில் நல்ல மரங்களையும் வெட்டித் தள்ளினார்கள். அவற்றுள் நோயைத் தாங்கக் கூடிய மரங்கள் சில இருந்திருந்தால் அவையும் அதோடு போயின.

பொறுமையாகப் பார்த்தவர்களுக்குத்தான் ஏதோ வழி தெரிந்திருக்கிறது. இத்தாலியில் ஜெனோவா நகரத்துப் பக்கம் 1938-ல் இதே நோய் தென்பட்டது. ஐரோப்பாவின் செஸ்ட்நட் தோப்புகளும் தொலைந்தன என்றே நினைத்தார்கள். ஆனால் 1950-ஐ ஒட்டி, அந்தோனியோ பிராகி என்ற அறிஞர் சில மரங்களில் புண் தானே ஆறி வருவதைக் கவனித்தார். பிறகு பிரான்ஸில் ஜான் கிராந்த் ஆராய்ந்து, அந்தப் பூஞ்சணமே வலுவிழந்திருப்பதைக் கண்டார். காரணம், பூஞ்சணத்துக்கு ஒரு வைரஸ் பிடித்திருந்தது! நோய்க்கே நோய். அந்த வலுவிழந்த பூஞ்சணத்தை வளர்த்துப் புண்ணின் ஓரத்தில் வைத்தால் வைரஸ் மற்றதற்கும் தொற்றிக் கொள்ளும். ஐரோப்பாவில் பல தோப்புகள் இதனால் பிழைத்தன. அமெரிக்காவில் இந்த உபாயம் அவ்வளவாகப் பலிக்கவில்லை. அங்கே பூஞ்சணத்தில் ஜாதிப் பிரிவுகள் அதிகம். ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை, ஆகையால் வைரஸும் பரவுவதில்லை.

அமெரிக்கர்கள் வேறு வழி தேடினார்கள். அதைப் பார்ப்பதற்காக மறுநாள் காலை புறப்பட்டு, தெற்கே சுமார் ஐந்து மணி நேரம் பயணம் செய்து, வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில் உள்ள மெடோவியூ என்ற சிற்றூருக்குப் போனோம். செஸ்ட்நட்டைக் காப்பதற்கென்று 1983-ல் ஒரு சங்கம் தோன்றியது. நம் நாட்டுக்குக் குட்டைக் கோதுமையைக் கொடுத்த நார்மன் போர்லாகும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். சங்கத்தின் ஆராய்ச்சிப் பண்ணை 1989 முதல் மெடோவியூவில் நடக்கிறது. மேடும் பள்ளமுமான புல்வெளியில் வரிசை வரிசையாகச் செஸ்ட்நட் மரங்கள்.

சார்லஸ் பர்ன்ஹாம் என்ற மக்காச்சோள நிபுணர் சொல்லிக் கொடுத்த முறை இது. அமெரிக்க மரத்தையும் நோய் தாங்கும் சீன மரத்தையும் கலந்து ஒரு கன்று எடுப்பது. அது பாதிக்குப் பாதி. அதை மறுபடி அமெரிக்க மரத்தோடு சேர்ப்பது. இப்படி மேலும் இரண்டு தலைமுறை சென்றால், பதினாறில் பதினைந்து பங்கு அமெரிக்கா. ஒரு வீசம்தான் சீனா. அந்த ஒரு வீசத்தில் நோயைத் தாங்கும் சக்தி தங்கியிருக்க வேண்டும். தங்கியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மரத்தில் சிறு துளையிட்டுப் பூஞ்சணத்தைத் தாங்களே வைக்கிறார்கள். தாங்கினால் வைத்துக் கொள்வது. தாங்காவிட்டால் வெட்டி விடுவது. வளர்த்தவர்களே நோயையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அம்மை குத்தும்போது குழந்தையைப் பிடித்துக் கொள்ளும் தாயின் மனசு அவர்களுக்கு வேண்டும்.

இத்தனை பாடுபட்டும் காரியம் முடிந்து விடவில்லை. நோயைத் தாங்கும் சக்தி இரண்டு மூன்று மரபணுக்களில் இருக்கும் என்று முதலில் நம்பினார்கள். பிறகு பார்த்தால் அது எத்தனையோ மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது. நியூயார்க் மாநிலத்துச் சர்வகலாசாலை ஒன்றில் கோதுமையின் மரபணு ஒன்றைச் செஸ்ட்நட்டில் சேர்த்துப் பார்த்தார்கள். பூஞ்சணம் சுரக்கும் அமிலத்தை அது முறித்து விடும். ஆனால் 2023-ல், தாங்கள் இத்தனை நாள் சோதித்து வந்தது எந்தக் கன்று வம்சம் என்பதிலேயே தவறு நேர்ந்திருந்தது தெரிய வந்தது. வளர்ச்சியும் எதிர்பார்த்தபடி இல்லை. சங்கம் அந்த மரத்துக்குக் கொடுத்து வந்த ஆதரவை விலக்கிக் கொண்டது. சர்வகலாசாலை தன் ஆராய்ச்சியை விடவில்லை.

"அப்படியானால் இன்னும் எத்தனை நாளாகும்?" என்று பண்ணையில் ஒருவரைக் கேட்டேன். "என் காலத்தில் காடு நிறையாது. நான் விதை போடுகிறவன்" என்றார் அவர், சர்வ சாதாரணமாக.

திரும்பி வரும்போது மாப்பிள்ளை சொன்னார்: "அத்தை, நம் தெருக்கோடியில் ஒரு கிழவர் இரண்டு செஸ்ட்நட் மரம் வைத்திருக்கிறார். நீங்கள் பார்க்க வேண்டுமே!"

ஞாயிற்றுக்கிழமை போனோம். கிழவருக்கு எழுபத்தெட்டு வயது. கொல்லையில் இரண்டு மரங்கள், இருபதடி உயரம். அதில் ஒன்றுக்கு நடுவில் கட்டுப் போட்டிருந்தது. கை எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போடுவார்களே, அது மாதிரி.

"புண் வந்திருக்கிறது. அதற்கு மண் பற்று" என்றார்.

மரத்தடி மண்ணையே எடுத்து, நீர் விட்டுப் பிசைந்து, புண்ணின் விளிம்பைத் தாண்டி மேலும் கீழும் நன்றாகப் படரும்படி அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி இறுக்கி விடுகிறார். மண் காயக் கூடாது. இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் புண் ஆற ஆரம்பித்திருக்குமாம். வேரைக் காக்கும் அதே நுண்ணுயிர்கள்தான் இங்கே வைத்தியர்கள். குளவி கொட்டினால் என் பாட்டி புற்றுமண்ணைக் குழைத்துப் போடுவாள். அதை நான் சொன்னதும் கிழவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஆனால் ஒரு புண்ணை ஆற்றினால் வேறிடத்தில் ஒன்று வரும். கை எட்டாத உயரத்தில் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது" என்றும் சொன்னார்.

"பின் எதற்காக வளர்க்கிறீர்கள்?" என்று மகள் கேட்டாள்.

"சாவதற்குள் சில வருஷமாவது காய்க்கும். காய்த்தால் விதை கிடைக்கும். விதை இருந்தால் வம்சம் இருக்கும்" என்றார்.

வளர்க்கும் முறையையும் அவரே சொன்னார். ஒற்றை மரம் காய்க்காது. பக்கத்தில் துணை வேண்டும். நீர் தேங்காத, சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண்ணாகப் பார்க்க வேண்டும். களிமண்ணில் நீர் கட்டினால் வேரழுகல் என்று வேறொரு நோய் வந்து, வேரையே கொன்று விடும். வெயில் நன்றாகப் பட வேண்டும். கொட்டையைக் காய விடக் கூடாது. இலையுதிர் காலத்தில் பொறுக்கியதும் ஈரமான நார்த்தூளோடு பையில் போட்டுக் குளிர்ப்பெட்டியில், ஐஸ் பிடிக்காத தட்டில், குளிர்காலம் முழுவதும் வைக்க வேண்டும். குளிர் பட்டால்தான் அது முளைக்கும். வசந்தத்தில் ஓர் அங்குல ஆழத்தில் படுக்க வைத்து ஊன்றி, எலியும் அணிலும் தோண்டாதபடி குழாய் மாட்ட வேண்டும். கன்றானதும் மான் கடிக்காமல் வேலி போட வேண்டும். பட்டையில் காயம் படாமல் பார்த்துக் கொள்வது எல்லாவற்றிலும் முக்கியம்; புல் வெட்டும் இயந்திரம் உரசினால் நோய்க்கு நாமே கதவைத் திறந்து விட்டதாகும்.

புறப்படும்போது என் பேத்தியின் கையில் மூன்று கொட்டைகளைக் கொடுத்தார். சிறியவை, நுனியில் பூனை முடி போல மெல்லிய ரோமம். "இவை தின்பதற்கு அல்ல" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மகளின் குளிர்ப்பெட்டியில், இட்லி மாவுப் பாத்திரத்தை நகர்த்தி அவற்றுக்கு இடம் செய்தோம். நான் ஊர் திரும்பிய பிறகும் பேத்தி டெலிபோனில் பேசும்போதெல்லாம், "பாட்டி, கொட்டை பத்திரமாக இருக்கிறது" என்று சொல்லி விட்டுத்தான் மற்ற சமாசாரம் சொல்வாள்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் அவள் குரலில் ஏக உற்சாகம். மூன்றில் இரண்டு முளை விட்டு விட்டனவாம். கொல்லையில் ஊன்றி, குழாயும் மாட்டியாயிற்றாம்.

"பாட்டி, இது பெரிய மரமாகுமா?" என்று கேட்டாள்.

"ஆகும், கண்ணே. பட்டையில் அடிபடாமல் பார்த்துக் கொள். புண் வந்தால் மண் பற்றுப் போடு. காய்த்தால் மூன்று கொட்டையை எடுத்து வை" என்றேன்.